என் விளக்கு எங்கடி

ஜனவரி 12, ஞாயிறு

இளம்பரிதி அண்ணா என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டார். வெறும் ஹார்ட் இல்லை, "செம பாயிண்ட் தங்கச்சி" என்று பதிலும் போட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்தேன். அம்மா பார்த்தால் நூறு கேள்வி கேட்பாள் என்று அப்புறம் மாற்றிவிட்டேன்.

புது டைரி. ஒழுங்காக ஆரம்பிக்கலாம். நான் நிரோஷா, வயது இருபது, ஊர் வட்டக்கானல். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஜீப் பிடித்து இன்னும் கொஞ்சம் போனால் வருமே, அதுதான். தபால் வழியில் பி.ஏ. வரலாறு. புத்தகத்தைத் திறந்ததாக நினைவில்லை. எடிட்டிங், தம்ப்நெயில், சப்டைட்டில் எல்லாம் போனிலேயே நானாகக் கற்றது. இங்கிலீஷ் எங்கள் வாடகை அறைகளில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களிடம் பொறுக்கியது. உண்மையான வரலாறு இளம்பரிதி அண்ணாவின் 'திரைவிலக்கு' யூடியூப் சேனலில் கிடைத்தது. அண்ணா ஒரு வீடியோ போட்டால் நான் மூன்று முறை பார்ப்பேன்.

அவருடைய டெலிகிராம் குழுவில் நான் மாடரேட்டர். கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களைத் தூக்குவது என் வேலை. தூக்க வேண்டிய வார்த்தைகளை அண்ணாவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ரூத் அக்கா வருகிறார். அறைச் சுவரில் பூஞ்சை துடைக்க வேண்டும். கெய்சர் போன வருடத்திலிருந்தே வேலை செய்யவில்லை. அதை அவர் மறந்திருக்க மாட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் இறக்கும் நேரத்துக்குச் சரியாக ஜீப் வந்து நின்றது. ரூத் அக்கா அர்ஜென்டினாவில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அங்கே கோடை விடுமுறை விட்டதும் வருடா வருடம் எங்கள் வீட்டுக்குத்தான். ஓட்டைத் தமிழ், ஆனால் கூச்சமே இல்லாத தமிழ்.

"பாக்கியம், நீ குண்டு ஆயிட்ட."

"வந்ததும் வராததுமா வாயப் பாரு" என்றாள் அம்மா. "நீ மட்டும் என்ன? கட்டெறும்பு மாதிரி இருக்க."

"கட்டெறும்பு என்ன?"

"சின்னதா இருக்கும். கடிக்கும்."

"அப்போ சரி."

பொங்கலில் வெல்லம் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கெய்சரைப் பற்றி ஸ்பானிஷில் ஏதோ திட்டினார். எனக்கு ஒரு நீலத் தொப்பி.

ஜனவரி 17, வெள்ளி

இன்று எடுத்த கிளிப்தான் என் வாழ்க்கையிலேயே சிறந்த ஷாட்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு அகல் வைப்பாள். அதே நேரத்தில் முற்றத்துக்கு அந்தப் பக்கம் ரூத் அக்கா தன் ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார். அவர் யூதர். சாமி கும்பிட எங்கும் போக மாட்டார். ஊரில் வந்து தங்கியிருக்கிற இஸ்ரேல் டூரிஸ்ட் பையன்கள் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டாலும் போக மாட்டார். இதை மட்டும் விடுவதில்லை. அவருடைய அம்மா செய்ததாம். ஏற்றிவிட்டு, சுடரைக் கையால் தன் பக்கம் வாரி, கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார். நாம் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்கிற மாதிரியே இருக்கும்.

இன்று மூடுபனி வேறு. முன்னால் அம்மாவின் அகல், பின்னால் மங்கலாக அந்த இரண்டு சுடர். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து எடுத்தேன். கடைசியில் அம்மா பின்னாலிருந்து, "நிரோ, பால் பொங்குதுடி, அங்க என்ன படம் புடிச்சிட்டிருக்க" என்று கத்தினாள். அதுவும் பதிவாகிவிட்டது.

'எங்க வீட்டு வெள்ளிக்கிழமை' என்று எழுதி அண்ணாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தங்கச்சி, அந்தம்மா யூதரா?"

"ஆமாண்ணா."

"தங்கமான மெட்டீரியல். இன்னும் என்ன இருக்கு?"

தங்கமான. நான் எடுத்ததை.

ஜனவரி 20, திங்கள்

அண்ணா நிறையக் கேட்கிறார். கடைகளில் ஹீப்ரு எழுத்து இருக்கிறதா? இருக்கிறது, இஸ்ரேல் பையன்களுக்கு ஃபலாஃபல் வடை விற்கிற கடைகளின் மெனு பலகையில். போட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் ஒரு பலகையை எழுதியதே எங்கள் செல்வின் மாமாதான், ஒரு பையன் எழுதிக் காட்டியதைப் பார்த்து வரைந்தார். அதைச் சொன்னேன். அது வேண்டாம் என்றார்.

ஊருக்கு மேலே சும்மா கிடக்கிற மேட்டு நிலத்தை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது என்றேன்.

"யாருக்குமே தெரியாதா? அதுதாம்மா விஷயமே."

பெட்ஷீட் துவைத்தேன். வெயில் இல்லை. காயவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. தலைப்பு 'மலைமேல் ரகசியச் சடங்கு'. என் கிளிப்தான் முதல் காட்சி.

மெதுவாக ஓட்டியிருக்கிறார். நீலமாக இருட்டாக்கி, பின்னால் தாரை தப்பட்டை மாதிரி ஒரு சத்தம். ரூத் அக்கா கண்ணைப் பொத்தக் கையைத் தூக்குகிற இடத்தில் படம் உறைந்து நிற்கிறது. முகம் முழுதாகத் தெரிகிறது. நான் சரியாக வெளிச்சம் பார்த்து எடுத்திருந்ததால்.

"நம்ம ஊர்த் தங்கச்சி ஒருத்தி உயிரப் பணயம் வச்சு எடுத்தது" என்றார். உயிரை எல்லாம் வைக்கவில்லை. பால்தான் பொங்கியது. இருந்தாலும் அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பெயர் சொல்லவில்லை, அதுவும் நல்லதுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கமெண்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் எழுதியிருந்தார்: 'ஹிட்லர் வேலைய முடிக்காம போயிட்டார்.' கீழே சிரிப்பு, கைத்தட்டல். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. எதைச் சொல்லித் தூக்குவது? விட்டுவிட்டேன்.

அதற்கு அண்ணா ஹார்ட் போட்டிருக்கிறார். கை பட்டிருக்கும். அவ்வளவு கமெண்டில் யார்தான் படித்துப் போட முடியும்?

ஜனவரி 28, செவ்வாய்

வீடியோவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போடச் சொன்னார். "உலகம் பாக்கணும்மா." சப்டைட்டில் என்றால் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்க வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாவின் குரல்: "ஒரு சின்னக் கூட்டம். எண்ணிக்கையில கொஞ்சம் பேரு. ஆனா வியாபாரம் அவங்க கையில. பத்திரிகை அவங்க கையில. எந்த நாட்டுல இருந்தாலும் விசுவாசம் வேற எங்கயோ."

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ ஓடியபோது அம்மா கேட்டாள்.

"யாரடி பேசறான் இவன்? நம்மளயா?"

"நம்மளயா? எதுக்கும்மா நம்மள?"

"இதே பேச்சுதான. எண்ணிக்கையில கொஞ்சம் பேரு, கடை அவனுக, ஆபீசு அவனுக, விட்டாத் தீவையே முழுங்கிருவானுக, இங்க சோறு தின்னுட்டு இந்தியாவுக்கு விசுவாசம்னு. எங்கப்பா டவுன்ல கேட்டுட்டு வந்து சொல்லுவாரு. அவரே தேயிலத் தோட்டத்துல கூலி. அரிசிக்கு வரிசையில நிப்பாரு. தீவ முழுங்கப் போறவராம்."

அம்மா சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டவள். அங்கே இந்தியாக்காரி. இங்கே வந்ததும் சிலோன்காரி. இதையெல்லாம் பொதுவாகப் பேச மாட்டாள்.

"இது வேறம்மா" என்றேன்.

"எங்க, காட்டு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்புறம், "இது ரூத்து" என்றாள். போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"என் விளக்கு எங்கடி?"

"எந்த விளக்கு?"

"ஜன்னல்ல வச்ச விளக்கு. இங்கருந்து பாத்தா அதுதான முன்னாடி தெரியும். அத எங்க?"

"யாரோ எடுத்ததும்மா. எங்கருந்து எடுத்தாங்களோ."

"வெள்ளிக்கிழம விளக்கேத்தறதுல என்னடி ரகசியம்?"

வெங்காயத்துக்கே திரும்பிவிட்டாள். எங்கிருந்து எடுத்தது என்று அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் பழைய சேலையைக் கிழித்து அந்த ஜன்னலில் தொங்கவிட்டாள். குளிர் வருகிறதாம்.

ஜனவரி 29, புதன்

சப்டைட்டில் முடியவில்லை. எழுதி வைத்த பேச்சில் ஒன்று செய்து பார்த்தேன், விளையாட்டாகத்தான். 'அவங்க' என்று வருகிற இடத்திலெல்லாம் 'மலையகத் தமிழர்' என்று போட்டேன், அம்மா மாதிரி சிலோன் தோட்டத்து ஜனங்கள். ஒரு வரியைக்கூட வேறு மாதிரி மாற்ற வேண்டி வரவில்லை. அப்படியே உட்கார்ந்தது.

இதை எங்களைப் பற்றி ஒருத்தன் பேசியிருந்தால் அண்ணாவே ஒரு மணி நேர வீடியோ போட்டு அவனைக் கிழித்திருப்பார். நான் மூன்று முறை பார்த்திருப்பேன்.

ஜனவரி 30, வியாழன்

அண்ணாவிடம் கேட்டேன். எப்படித் தைரியம் வந்ததோ.

"அண்ணா, குண்டு போடுற இஸ்ரேல் அரசாங்கத்தப் பத்திப் பேசினா போதாதா? செத்த பிள்ளைங்க படத்தப் பாத்து நானே அழுதிருக்கேன். ஆனா இந்த அக்கா அந்த நாடே இல்லண்ணா. அர்ஜென்டினா."

"எந்த நாடா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

"யூதர்னு மொத்தமாச் சொல்ற மாதிரி இருக்கேண்ணா."

"நான் எங்க சொன்னேன்? திருப்பிக் கேளு. அந்த வார்த்த ஒரு எடத்துலயும் வராது. 'அவங்க'ன்னுதான் சொல்லிருக்கேன். கேக்கறவனுக்குப் புரியும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று அனுப்பினார்.

"நீ யார் பக்கம் தங்கச்சி?"

உங்க பக்கம்தான் அண்ணா என்று போட்டேன். வேறு என்ன போடுவது?

ஜனவரி 31, வெள்ளி

சாயங்காலம் கீழே இருந்து பைக்கில் பையன்கள் வந்தார்கள். 'அந்த வீடு' எது என்று செல்வின் மாமாவிடம் கேட்டார்களாம். அவர் தெரியாது என்றாராம். வீடியோவில் வந்த மெனு பலகை போட்டோவை வைத்துத் தேடி வந்துவிட்டார்கள். லைவ் ஓட்டிக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தார்கள்.

ரூத் அக்கா அப்போதுதான் ஏற்றி, கண்ணைப் பொத்தியிருந்தார். கையை எடுத்தபோது திறந்திருந்த ஜன்னல் முழுக்கப் போன்.

"மேடம், மத்தவங்க எங்க?"

"மத்தவங்க யார்?" என்றார் அக்கா.

"தமிழ் பேசுதுடா இது. பயிற்சி குடுத்து அனுப்பிருக்காங்க பாரேன்."

அம்மா விளக்குமாறோடு போனாள். "எவன்டா வீட்டுக்குள்ள செருப்புக் காலோட?" ஒருவன் எங்கள் பக்கம் போனைத் திருப்பி, துணி ஓரத்தில் தெரிந்த அம்மாவின் அகலைக் காட்டி, "இதுவும் அவங்களோடதா?" என்றான்.

"எங்கப்பன் வீட்டோடது. போடா."

போனார்கள். போகும்போது ஒருவன் ஜன்னல் வழியாகக் குனிந்து ஊதினான். பிறந்தநாள் கேக் மாதிரி. இரண்டும் அணைந்துவிட்டன.

நான் வெளியே வரவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாடு கொண்டுபோனேன். நாற்காலியைக் கதவைப் பார்த்த மாதிரித் திருப்பிப் போட்டிருந்தார்.

பேச வேறு எதுவும் தோன்றாமல் கேட்டேன்: "அக்கா, அந்தப் போரு சரின்னு நினைக்கிறீங்களா?"

தட்டைக் கீழே வைத்தார்.

"இல்ல. நான் கோவம். எங்க ஊர்ல நின்னேன், ரோட்ல, போர்டு வச்சு. போதும். நீ ஒண்ணு சொல்லு. போன வாரம் அடுத்த ரூம்ல பிரெஞ்சுப் பையன். அவன் கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

தண்ணீர்ச் செம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன்.

"பாரு நிரோ. அரசாங்கத்தத் திட்டு. நல்லாத் திட்டு, நானும் வர்றேன். ஆனா எனக்குச் சோறு குடுக்க முன்னாடி இந்தக் கேள்வி. நான் பாஸ் ஆனாத்தான் சோறு. அது வேற."

"நான் அப்படி நினைச்சுக் கேக்கலக்கா."

"தெரியும். யாரும் நினைக்கல." சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "எங்க தாத்தா கடை. செவுத்துல எழுதினாங்க, 'உன் ஊருக்குப் போ'. தாத்தா அதத் தேய்ச்சுக் கழுவிட்டே கேட்டாரு, எந்த ஊருன்னும் எழுதியிருந்தா நல்லாருக்கும்னு." சிரித்தார். "உப்பு ஜாஸ்தி. பாக்கியம் கோவமா இருக்கா?"

அம்மா என்னோடு பேசி மூன்று நாளாகிறது. அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரூத் அக்கா கிளம்பிவிட்டார். மார்ச் வரை இருந்திருக்க வேண்டியவர். ஜீப் வருவதற்கு முன் என்னை உள்ளே கூப்பிட்டார். பெட்டி மூடியிருந்தது.

"அந்த வீடியோ. நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

தலையாட்டினார்.

"நீ எடுத்திருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"ஏன்?"

"தெரிஞ்ச பொண்ணு, முட்டாள் பொண்ணு, ஒண்ணு பண்ணிட்டா. நான் கத்துவேன், ரெண்டு நாள் பேச மாட்டேன், முடிஞ்சிடும். தெரியாதவன் எடுத்தா..." முற்றத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இனிமே எல்லா ஜன்னலயும் பாக்கணும். இங்கயும். எங்க ஊர்லயும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் கொடுத்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"தெரியலக்கா, யாருன்னு" என்றேன்.

அம்மா ஜீப் வரை போனாள். "அடுத்த வருசம் கெய்சர மாத்திடறேன்டி" என்றாள். ரூத் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "நீ குண்டு ஆகாத" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அறையைக் கூட்டினேன். ஜன்னல் திட்டில் மெழுகு உறைந்திருந்தது. கத்தியால் சுரண்டினேன், முழுதாகப் போகவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

முழு வீடியோ என்னிடம் இருக்கிறது. அம்மாவின் அகலும் அந்த இரண்டு சுடரும் ஒரே ஃப்ரேமில். இதைப் போட்டால் போதும், பார்க்கிறவனுக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை. அண்ணா எதை வெட்டினார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கடைசியில் அம்மாவின் குரல் வருகிறது. நிரோ, பால் பொங்குதுடி.

யோசித்தேன். அந்த இடத்தை மட்டும் வெட்டலாம் என்றால், அக்கா கண்ணிலிருந்து கையை எடுத்துத் திரும்புவதும் அங்கேதான். அழகான இடம். வெட்டினால் படம் கெட்டுவிடும்.

சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். வெளியில் காற்று இரைச்சல் வேறு அதிகம். குழுவிலும் என் பக்கத்திலும் போட்டேன். 'முழு வீடியோ. முன்னால் இருப்பது ஒரு தமிழ் வீட்டு வெள்ளிக்கிழமை விளக்கு. இதில் எது சடங்கு, எது ரகசியம்?' கீழே, 'யாரோ எடுத்தது.'

பிப்ரவரி 8, சனி

குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். நான் ஒரு கெட்ட வார்த்தையும் எழுதவில்லை.

தூக்குவதற்கு முன் வந்தவை: 'எவ்ளோ வாங்குன?' 'இவளும் அவங்க ஆளுதான்.' 'பேரப் பாருங்க, நிரோஷாவாம், தமிழ்ப் பேரா இது?' யாரோ என் போன மாதப் போட்டோ ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார்கள், நீலத் தொப்பியோடு. தொப்பியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அண்ணா எதுவும் எழுதவில்லை. 'இவளும் அவங்க ஆளுதான்' என்பதற்கு ஒரு ஹார்ட் இருந்தது. இந்த முறை கை பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ரூத் அக்காவிடமிருந்து மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'வீடியோ பாத்தேன். அழகு. பாக்கியம் விளக்கு தெரியுது. சத்தம் ஏன் இல்ல?'

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவுக்கு எழுதினேன், அழித்தேன். காற்று இரைச்சல் என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

அறைகளுக்கு ஆள் யாரும் கேட்டு வரவில்லை. செல்வின் மாமா தன் பலகையில் இருந்த ஹீப்ருவை வெள்ளையடித்துவிட்டார். வம்பு எதுக்கு என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. நான் படித்துவிட்டேன் என்று நீல டிக் அவருக்குக் காட்டியிருக்கும்.

அம்மா விளக்கேற்றினாள். துணியில் பற்றிவிடும் என்று அகலை ஜன்னல் திட்டிலிருந்து எடுத்து உள்ளே அலமாரியில் வைத்துவிட்டாள். துணியை எடுத்துடலாமேம்மா என்றேன்.

"யார் எடுக்கணும்?" என்றாள். இத்தனை நாளுக்கு அப்புறம் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

தண்ணீர் பிடிக்க நான் வெளியே போனபோது முற்றத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் விளக்கு இருப்பதே தெரியவில்லை.